அளவு மவுத்பீஸ்

மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. கடைக்கார எபனேசர் கண்ணாடி மேசையின்மேல் பச்சைத் துணியை விரித்து, அவற்றை வரிசையாக நிறுத்தி, "நிதானமாப் பாருங்க டீச்சர், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சண்பகவல்லி நிதானமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. மூன்று சின்ன வெள்ளிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு காம்பு, அவ்வளவுதான். இதில் ஒன்றை ட்ரம்பெட்டின் முனையில் செருகி, அதன் விளிம்பில் வாயை வைத்து, பூரணி திங்கட்கிழமை காலையில் மைதானத்தில் நின்று ஊத வேண்டும். பதினைந்து வயது. சுதந்திர தின அணிவகுப்புக்கு மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு முதல் ட்ரம்பெட், அதற்கு ஏழு பேர் போட்டி, ஏழில் இவள் ஒருத்திதான் பெண். நாலாவதாக மேசையில் இருந்தது பூரணியின் பழைய மவுத்பீஸ். அதைச் சண்பகவல்லி காலையில் மகளுடைய ட்ரம்பெட் பெட்டியிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அளவுக்கு. தையல்காரரிடம் போகும்போது பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொண்டுபோவதில்லையா, அதுபோல. ஆள் வர வேண்டியதில்லை, ரவிக்கை வந்தால் போதும். அவளுடைய அம்மா கல்யாணத்துக்குப் பிறகு தையல்கடைப் படியை மிதித்ததே இல்லை, முப்பது வருஷமும் ரவிக்கைதான் போய்ப் போய் வந்தது. பூரணியை அழைத்து வந்திருக்கலாம். ஆனால் கடைகளில் நடப்பது சண்பகவல்லிக்குத் தெரியும்: ஆட்கள் முதலில் பிள்ளையின் மேலுதட்டைப் பார்ப்பார்கள், பிறகு அதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகக் காற்றாடியையோ காலண்டரையோ பார்ப்பார்கள், அப்புறம் அளவுக்கு மீறி அன்பாகப் பேசுவார்கள். அந்த அன்புதான் தாங்க முடியாதது. பூரணி என்னவோ தாங்கிக்கொள்வாள். அவள் தாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது வேறு வேலை.

மாடிக்கடை. ஜங்ஷன் பேருந்துகளின் இரைச்சல் படியேறி வந்து, வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவதுபோல, உள்ளே ஒரு மெத்தென்ற அமைதி இருந்தது. சுவரில் கிட்டார்கள் தொங்கின. ஆடிக்காற்று சன்னல் வழியே வரும்போதெல்லாம் ஏதோ ஒரு கம்பி தானாக முனகியது. ஓரத்து ஸ்டூலில் சிவப்புக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேண்டு செட்காரர், இசக்கிமுத்து என்று எபனேசர் கூப்பிட்டான். இருபது வருஷமாகக் கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதுகிறவராம். அவருடைய உதட்டின் நடுவில் ஒரு வட்டம், ஈரத் தம்ளர் மேசையில் விட்டுப்போன தடம்போல, வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சண்பகவல்லி தானும் காலண்டரைத்தான் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. "இது ஏழு சி, இது அஞ்சு சி, இது மூணு சி" என்றான் எபனேசர் திரும்பி வந்து. "ஏழுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம். நம்பர் கொறையக் கொறையக் கிண்ணம் அகலமாகும்." நம்பர் குறைந்தால் அகலம் கூடுமா என்று கேட்க நினைத்து, கம்பிக் கடையிலும் அப்படித்தானே, எண் ஏற ஏறக் கம்பி மெலிகிறது என்று நினைத்து, கேட்காமல் இருந்தாள். பத்தாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவன் நம்புவதுபோல இருந்தது. "ஊதிப் பாருங்க டீச்சர், அப்பதான் வித்தியாசம் புரியும்" என்று ஒரு எவர்சில்வர் தம்ளரை நகர்த்தினான். டெட்டால் வாசம். "கழுவிக் கழுவி வச்சுப் பாக்கலாம். கொழலு வேண்டாம், சும்மா இதுலயே உதட்டச் சேத்து ப்ர்ர்ருன்னு…" அவன் செய்து காட்டினான். வண்டு ஒன்று பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட சத்தம். "நானா?" என்றாள். "நீங்கதான். பிள்ளை வாய் உங்க வாய் மாதிரித்தான இருக்கும்." அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னான். ஸ்டூலிலிருந்து இசக்கிமுத்து, "கூச்சப்படாதீங்க டீச்சரம்மா. எருமை தண்ணி குடிச்சிட்டு மூச்சு விடுமே, அப்படி விடுங்க. நாங்க வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதோம்" என்றார். "நீரு சும்ம இரும் வே, வந்த கஸ்டமர வெரட்டாம" என்றான் எபனேசர். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு ஆண்களுக்கு எதிரில் உதட்டைக் குவித்து அப்படியொரு சத்தத்தை எழுப்ப முடியாது. இருபத்திரண்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற வாய் அது. ஏழு சி-யைக் கையில் எடுத்து உதட்டுக்கு இரண்டு அங்குலம் வரை கொண்டுபோய், ஏதோ வாசம் பார்ப்பதுபோல நிறுத்தி, கீழே வைத்துவிட்டாள்.

பழையதை எதற்கு மாற்ற வேண்டும் என்றுதான் பூரணி கேட்டாள். பேண்ட் மாஸ்டர்தான் விடவில்லை. வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது, பச்சைப் பித்தளை தோலில் பட்டால் அரிக்கும், அதுவும் அந்த இடத்தில், திங்கட்கிழமைக்குள் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் டீச்சர் என்று செய்தி அனுப்பியிருந்தார். அந்த இடம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊசி போட வந்த நர்ஸ், பள்ளிக்கூடத்துப் போட்டோ எடுக்க வந்தவர், சண்பகவல்லியின் கணவர்கூட, அந்த இடத்துல வாசலின் தடவுனியா என்றுதான் கேட்பார். பெயர் வைக்காத ஒரு ஊர்போல. இடது மூக்கின் கீழிருந்து உதடு வரை ஒரு மெல்லிய கோடு, கோடு முடிகிற இடத்தில் கடுகளவு ஒரு மேடு. மூன்றாம் மாதத்தில் தைத்தது. அண்ணம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான் பிளந்திருக்கிறது, நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார் டாக்டர். கொடுத்துவைத்தவர்கள். அந்தச் சொல் பதினைந்து வருஷமாக அவளோடு இருக்கிறது, செருப்பில் ஏறிய முள்ளைப்போல; எல்லா நேரமும் குத்துவதில்லை, கால் ஒரு விதமாகப் படும்போது மட்டும். போன வியாழக்கிழமை துவைக்கப் போட்ட கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. "உதடு காஞ்சு வெடிச்சிருக்கும்மா" என்றாள் பூரணி, தலையை நிமிர்த்தாமல் ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே. காய்ந்து வெடித்ததா, மேட்டில் விளிம்பு அழுத்தியதா, தையல் என்றைக்காவது விட்டுப்போகுமா? பதினைந்து வருஷத் தையல் விட்டுப்போகாது, அது தையல்கூட இல்லை, தோல்தான், உடம்புதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதும் பயப்படுவதும் ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் குடியிருந்தன. ஒன்று இன்னொன்றின் கதவைத் தட்டுவதே இல்லை.

கிண்ணத்தின் உள்புறம் வழுவழுவென்று இருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்தபோது அது வேறொரு கிண்ணமாயிற்று. பாலாடை. அத்தையின் வெள்ளிப் பாலாடை, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். மார்பில் வாய் பற்றாத பிள்ளைக்கு அதில்தான் மூன்று மாதம் பால் போனது. சண்பகவல்லி அழுதுகொண்டே மார்பிலிருந்து பீய்ச்சுவாள், அத்தை வாங்கிப் பிள்ளையின் வாயோரமாக, பிளவு இல்லாத பக்கமாக, சொட்டுச் சொட்டாக விடுவாள். வலது பக்கமாக விடணும், அவசரப்படக் கூடாது, அது விழுங்குன பெறவு அடுத்த சொட்டு. இந்த வாய்க்குப் பொருந்துகிற கிண்ணம் எது என்ற தேடல் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அத்தை கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்குத் தன் முறை. அத்தை ஒரே ஒருநாள்தான் கேட்டாள், பிள்ளை பிறந்த பதினோராம் நாள், பாலாடையைக் கழுவிக்கொண்டே: "கெரணத்தன்னைக்கு வெளிய போனியாம்மா?" ஆமாம் என்றாள் சண்பகவல்லி. "செரி" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். கிரகணம் என்பது நிழல் அத்தை, நிழல் யாருடைய உதட்டையும் வெட்டாது என்று பாடம் நடத்தியிருக்கலாம். செரி என்ற சொல்லுக்கு என்ன பதில் இருக்கிறது? பொங்கலுக்கு மறுநாள் அந்தக் கிரகணம். நாள் தள்ளிப்போயிருந்ததை அவள் இன்னும் கவனித்திருக்கவில்லை. விடுமுறையிலும் ஒன்பது பிள்ளைகளைப் பள்ளி மைதானத்துக்கு வரச்சொல்லி, அட்டையில் ஊசித்துளை போட்டு, வெள்ளைத் தாளில் சூரியனை விழவைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு வெயில் பித்தளை நிறத்துக்கு மங்கியது, காக்கைகள் அடங்கின, சூரியன் நடு எரிந்துபோய் ஓரம் மட்டும் மிஞ்சிய வளையமாயிற்று. ஒரு பெண், பெயர் மறந்துவிட்டது, "டீச்சர், கீழ பாருங்க டீச்சர்" என்று கத்தினாள். வேப்பமரத்தடியில் மண் முழுக்க வளையல்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளையாகி, ஆயிரம் ஒளிவளையங்கள் தரையில் கிடந்து காற்றுக்கு ஆடின. அவள் சேலையில், கையில், வயிற்றில். அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் ஒரு மத்தியானம் இருந்ததில்லை. அதுதான் சங்கடம். பிறகு புத்தகத்தில், கருவின் மேலுதடு ஆறாவது ஏழாவது வாரத்தில் கூடுகிறது என்று படித்து, காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தாள், கணக்குச் சரியாக வந்தது. ஆறாவது வாரம். எண்ணியிருக்கவே கூடாது. ஒன்று நடந்த வாரத்தில் இன்னொன்று நடந்தால் முதலாவது காரணமாகிவிடாது என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள், சொல்லித் தந்துவிட்டு வீட்டுக்கு வந்து, காரணத்தோடு படுத்துக்கொண்டாள். வருந்தலாம் என்றால் அந்த மத்தியானத்தை வெறுக்க வேண்டும். வெறுக்க முடியவில்லை. வளையல்கள் இன்னும் கண்ணுக்குள் ஆடுகின்றன.

"இதப் பாருங்க" என்று எபனேசர் உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே பஞ்சில் தங்க முலாம் பூசியது ஒன்று. "விளிம்பு அகலம், நல்லா உருட்டி விட்ருக்கான். உதட்டுக்கு மெத்துனு இருக்கும். விலை மத்ததவிடக் கூடத்தான், ஆனா பிள்ளைக்குன்னு வரும்போது…" பிள்ளைக்குன்னு வரும்போது. விரலால் விளிம்பைத் தடவினாள். மெத்தென்றுதான் இருந்தது, உலோகம் எவ்வளவு மெத்தென்று இருக்க முடியுமோ அவ்வளவு. இதுதான் என்று தோன்றியது. எவ்வளவு ஆனாலும் இதுதான் என்று தோன்றிய அந்தக் கணமே, பெரிதாக ஒன்றைக் கொடுத்துப் பழைய கடன் ஒன்றைக் கழிக்கப் பார்க்கிறோமோ என்றும் தோன்றியது. மேசையோரத்தில், மிட்டாய் ஜாடி மாதிரி ஒரு ஜாடியில், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகச் சில மவுத்பீஸ்கள் கிடந்தன. "அது என்ன, விளையாட்டுச் சாமானா?" "பிளாஸ்டிக்கு டீச்சர். மழையிலயும் பனியிலயும் நின்னு ஊதுதவங்க வாங்குவாங்க. அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்." "ஐஸ்குச்சிய வாயில வச்ச மாதிரி இருக்கும்" என்றார் இசக்கிமுத்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. தங்கத்தைத் துணிமேல் வைத்தாள். போன் அடித்தது. பி.டி. டீச்சரின் எண். எடுத்தால் பூரணியின் குரல், மூச்சிரைப்போடு: "எம்மா! எம் மவுத்பீஸ் எங்க?" சண்பகவல்லி மேசையைப் பார்த்தாள். பழையது அங்கே நின்றுகொண்டிருந்தது, ஒன்றும் அறியாததுபோல. "இங்க இருக்குட்டி. எங்கிட்ட இருக்கு. அளவுக்கு…" "அளவுக்கா? எம்மா, இன்னிக்குப் பிராக்டிஸ்! நாலு மணிக்கு! திங்கக்கெழம செலக்ஷன்! வாயத் தூக்கிட்டுப் போயிட்டியே, நான் மூக்காலயா ஊத?" பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, மத்தியானம் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தது எப்படி? பயிற்சி உண்டு என்று நேற்று இரவு சாப்பிடும்போது சொன்னாளே. தையல்காரரிடம் ரவிக்கை போனால் உடுத்திக்கொள்ள இன்னொரு ரவிக்கை இருக்கும். வாய்க்கு இன்னொரு வாய் இல்லை. "வேற யாருகிட்டயாவது இரவல் வாங்கி…" "அதெல்லாம் எனக்குச் சேராதும்மா" என்றாள் பூரணி, சட்டென்று குரலைத் தாழ்த்தி. பிறகு பழையபடி, "சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டாள்.

சேராது. எதனால் சேராது? ஏழு சி என்றால் எல்லாம் ஒரே அளவுதானே. மணி மூன்றே கால். அவசரத்தில் பழையதை எடுத்து எபனேசரிடம் நீட்டி, இதே அளவுதானா இந்தத் தங்கம் என்று கேட்டாள். அவன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அளவு சரிதான். ஆனா இது அடிபட்டதுல்லா. விளிம்பு ஒரு பக்கம் போயிருக்கு. பிள்ளை கீழ போட்ருப்பா. இத வச்சு எப்படித்தான் ஊதுதாளோ." பூரணியா கீழே போடுவாள்? கோயில் உண்டியலைப்போல அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவள். சண்பகவல்லி அதைத் திரும்ப வாங்கி, பச்சைத் துணியை ஒதுக்கிவிட்டு, வெறும் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்தாள், ஆய்வுக்கூடத்தில் லென்சைக் கவிழ்த்துப் பார்ப்பதுபோல. குனிந்து கண்ணை மேசையின் மட்டத்துக்குக் கொண்டுபோனாள். விளிம்பு முழுக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது, ஓரிடம் தவிர. அங்கே விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முடி கனத்துக்கு வெளிச்சம் கசிந்தது. அடிபட்டால் பள்ளம் விழும், ஓரம் கூர்மையாகும். இது பள்ளம் இல்லை. சரிந்து, இறங்கி, மறுபடி ஏறுகிற ஒரு சின்ன வளைவு. வழுவழுவென்று. யாரோ மெனக்கெட்டுச் செய்தது. அந்த வளைவுக்கு நேர் மேலே, கிண்ணத்தின் வெளிப்புறத்தில், நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. அதை அவள் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறாள். நகத்துக்குப் போடும்போது சிந்திவிட்டது என்று நினைத்திருந்தாள். சிந்தினது இவ்வளவு வட்டமாகவா இருக்கும்? புள்ளி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்துத்தான் பூரணி செருகுவாள். சண்பகவல்லி புள்ளியை இடது பக்கம் வைத்து, தன் முகத்துக்கு எதிரில் பிடித்துப் பார்த்தாள். வளைவு வந்த இடம் அந்த இடம். கடுகளவு மேட்டுக்குக் கடுகளவு குழிவு. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது, எங்கோ நினைவுக்குள்ளிருந்து: சர், சர், சர். பின்கட்டில், துவைக்கிற கல்லில், தண்ணீர் விட்டு விட்டு எதையோ தேய்க்கிற சத்தம். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், "என்னட்டி தேய்க்கே?" என்று கத்தினாள். "வெள்ளி தொலக்குதேம்மா" என்று பதில் வந்தது. எத்தனை சாயங்காலம்! கல் பாழாகும், திருநீறு போட்டுத் துலக்கு என்றுகூடச் சொன்னாள். சத்தம் கொஞ்சநேரம் நிற்கும், மாடியில் ட்ரம்பெட் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து உடையும், மறுபடி இறங்கி வந்து சர், சர். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருந்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று, எல்லாவற்றுக்கும் சம்பந்தம் தேடுகிறவளுக்குத் தோன்றவே இல்லை.

பி.டி. டீச்சரை அழைத்து, பூரணியிடம் கொடுக்கச் சொன்னாள். "வந்திட்டியா?" என்றாள் பூரணி. "இல்ல. ஏட்டி, மவுத்பீஸைக் கல்லுல தேச்சியா?" பெண்களின் சிரிப்பு தூரமாயிற்று, மைதானத்துக் காற்று இரைந்தது. "திட்டாதம்மா." "திட்டல. எப்ப?" "எட்டாப்புல. நடுவுல வச்சா குத்துச்சு. கொஞ்சம் தேப்பேன், ஊதிப் பாப்பேன், மறுபடி கொஞ்சம். ஒருநாள் சேந்துட்டு." "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா ட்ரம்பெட்டே வேண்டாம்னுருவ." சொல்லியிருப்பாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டிருப்பாள்; வயலின் படிக்கலாமே, வயலினுக்கு வாய் வேண்டாமே என்று தேன் தடவிப் பேசியிருப்பாள். அதையும் பூரணி தாங்கிக்கொண்டிருப்பாள். "ரத்தம்?" "அது தேச்ச இடத்துல வெள்ளி போயிட்டும்மா. பித்தளை அரிக்கி. சொறிஞ்சிட்டேன். அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்பதைப் பூரணி அத்தையைப்போலவே சொன்னாள், செரி என்பதுபோல. சண்பகவல்லி போனைக் காதில் வைத்தபடியே தங்க முலாம் பூசியதைப் பார்த்தாள். எவ்வளவு மெத்தென்று இருந்தால் என்ன, இது யாரோ ஒரு பொது உதட்டுக்குச் செய்தது. பூரணி இதையும் கல்லில் தேய்ப்பாள், தேய்க்காமல் அவளுக்குச் சேராது. தேய்த்தால் தங்கம் போகும், தங்கத்துக்கு அடியிலும் அதே பித்தளை, அதே அரிப்பு, கைக்குட்டையில் அதே பொட்டு. முலாம் என்பது ஒரு தாள் கனம்கூட இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் அதுவாகவே இருக்கிறது எது? கேள்வி பாடப் புத்தகக் கேள்விபோல எளிதாக இருந்தது. மேசையோரத்து ஜாடியைப் பார்த்தாள். "பூரணி, பிளாஸ்டிக்ல ஒண்ணு இருக்குட்டி. ஏழு சி. அதத் தேச்சா?" மெல்ல, "சிவப்பு இருக்காம்மா?" என்றாள்.

"பிளாஸ்டிக்கா!" என்றான் எபனேசர். அவன் குரலில் வியாபாரம் போன வருத்தத்தைவிட வேறொன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவனும் ஊதுகிறவனாம். "டீச்சர், சத்தத்துல ஒரு கூர்மை இருக்கும்லா, அது இதுல கொஞ்சம் மழுங்கும். செலக்ஷன்னு சொல்லுதீங்க. அங்க பித்தளைச் சத்தம் கேட்டுப் பழகுன ஆளுங்க உக்காந்துருப்பாங்க." சண்பகவல்லி தயங்கினாள். இதுவும் தப்பாகிவிட்டால்? இரண்டாம் முறையும் தான் செய்ததாலேயே பிள்ளையின் வாய்க்கு ஒன்று ஆகிவிட்டால்? அப்போது ஸ்டூலில் இருந்த இசக்கிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, மடியிலிருந்த சிவப்புக் கோட்டின் பையில் கைவிட்டு, ஒன்றை எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்தார். நீலப் பிளாஸ்டிக், விளிம்பு தேய்ந்து மங்கியது. "என்ன வே இது!" என்றான் எபனேசர். "ஐஸ்குச்சி" என்றார் இசக்கிமுத்து. "முன்பல்லு ரெண்டு ஆடுது எனக்கு. வெள்ளிய வச்சு அழுத்துனா உயிரு போவுது. ரெண்டு வருசமா இதுலதான் ஊதுதேன். ஒருத்தன் கண்டுபிடிக்கல, நீரு உள்பட. போன மாசம் உம்ம மச்சினன் கல்யாணத்துக்கு வாசிச்சனே, என்ன சொன்னீரு? அண்ணாச்சி சத்தம் வெள்ளி மாதிரி இருக்குன்னீரு." பிறகு மூவரும் சிரித்தார்கள், கிட்டார்களில் ஏதோ ஒன்று கூடவே முனகியது. "பிள்ளைக்கு உதட்டுல தழும்பா?" என்று சிரிப்பு அடங்கியதும் இசக்கிமுத்து சாதாரணமாகக் கேட்டார், மழை வருதா என்று கேட்பதுபோல. "ஆமா. பொறவியிலயே." "அப்பம் அதுக்குத் தெரியும் எங்க வைக்கணும்னு. நமக்குச் சொல்லித் தெரியாது." அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. சண்பகவல்லிக்கு அந்த வெளுத்த வட்டத்தை நேராகப் பார்க்க முடிந்தது. ஜாடிக்குள் கைவிட்டுச் சிவப்பில் ஒன்றை எடுத்தாள். "இதுலயும் விளிம்பு கனமா இருக்கதாப் பாத்துக் குடுங்க எபனேசர். தேய்க்கதுக்கு இடம் வேணும்" என்றாள். எபனேசர் நாலைந்தை எடுத்து விரலால் தடவித் தடவி ஒன்றைத் தேர்ந்தான். கேட்காமலே, கிட்டார் வேலைக்கு வைத்திருந்த நைசான உப்புத்தாள் இரண்டை மடித்து உடன் வைத்தான். "கல்லுல வேண்டாம்னு சொல்லுங்க. தண்ணியத் தொட்டுத் தொட்டு இதுல தேய்க்கட்டும்."

படியிறங்கும்போது மறுபடி போன். "எம்மா, சிவப்புல சிவப்புப் புள்ளி தெரியாதே. நீலத்துல நெயில்பாலிஷ் வாங்கிட்டு வா." இந்த வயதில், டீச்சரம்மா என்று ஊரே தெரிந்த ஒருத்தி, ஃபேன்சி ஸ்டோரில் நின்று, நீலமா, என்ன நீலம், இங்க் நீலமா மயில் நீலமா என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தது. பையில் பழையது, கையில் புதியது. ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது மேற்கு வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. என்னவோ தோன்றி மவுத்பீஸை வெயிலுக்கு நேரே பிடித்தாள். கிண்ணத்தின் அடித்துளை வழியே வெளிச்சம் இறங்கி, இடது உள்ளங்கையில் ஒரு மிளகளவுக்கு வட்டமாக நின்றது. முழு வட்டம். சூரியன் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் விழுவது துளையின் வடிவம்தான், சூரியனுடையது இல்லை, அதற்குத் தூரம் போதாது, இதை எத்தனை வருஷமாகச் சொல்லித் தருகிறாள்! தூரம் போதாது. பதினைந்து வருஷமாகத் தானும் ரொம்பக் கிட்டத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தாள். அன்றைக்கு வெளியே போயிருக்கக் கூடாதோ என்ற கேள்வி போய்விடவில்லை. அது எங்கே போகும்? ஆனால் இன்றைக்கு அது ஓரமாக, காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எதிரில் இருக்கிற பயணியைப்போல. இருந்துவிட்டுப் போகட்டும். உப்புத்தாள் சேலை மடியில் சரசரத்தது. ஒரு கணம், முதல் தேய்ப்பைத் தான் தேய்த்துக் கொடுத்தால் என்ன என்று விரல் பரபரத்தது, இடது பக்கம்தானே, கடுகளவுதானே. உப்புத்தாளை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டாள். எங்கே, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பூரணிக்குத் தெரியும். இன்றைக்குச் சாயங்காலமும் நாளைக்கும் கிடக்கிறது. பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் வரும், மாடியில் ஒரு சுரம் நீளும், உடையும், மறுபடி சத்தம் வரும். இரண்டையும் சேர்த்தே கேட்கலாம். பாலத்தின் நடுவில் ஓட்டுநர் கியரை மாற்ற, வண்டி முழுக்க அதிர்ந்து இரைந்தது. சண்பகவல்லி முந்தானையை வாயருகே இழுத்துக்கொண்டு, அதன் மறைவில், கழுவாத சிவப்பு விளிம்பை உதட்டில் வைத்தாள். முதலில் வெறும் காற்று. இரண்டாவதும் காற்று. எருமை தண்ணீர் குடித்துவிட்டு மூச்சு விடுவதை நினைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை உதடு தானாகத் துடித்தது, வண்டு ஒன்று கிண்ணத்துக்குள் விழித்துக்கொண்டதுபோல, அந்தத் துடிப்பு பல்லில், மூக்கில், நெற்றியில் ஏறியது. முன்னால் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "யாரு போனோ அடிக்கி, எடுத்துப் பேசுங்க" என்றார். பயணிகள் தங்கள் பைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, சண்பகவல்லி இன்னொரு முறை ஊதினாள்.